சத்தியம் வாங்காத கூட்டம்

பேராச்சிக்குக் கோபம் வந்துவிட்டால் குழாயடியில் வரிசை என்று ஒன்று கிடையாது. அவள் குடம்தான் முதலில் நிறையும். தாராவியில் அந்தச் சந்தில் குடியிருந்த எல்லோருக்கும் இது தெரியும். வாய்க்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொள்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லத் துணிந்த ஆள் இல்லை. அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவராவது கேட்டிருந்தால் அவள் கையை நீட்டித் தன் வீட்டு வாசலைக் காட்டியிருப்பாள். அங்கே அவள் புருஷன் வெயிலுமுத்து, முக்கால்வாசி நாள், குப்புறக் கிடப்பான்.

வெயிலுமுத்து தங்கமான மனுஷன் என்று சந்தில் சொல்வார்கள். இதைக் கேட்டால் பேராச்சிக்குப் பற்றிக்கொண்டு வரும். குடிக்கிறவன் ஒவ்வொருவனையும் பற்றி ஊர் இதைத்தானே சொல்கிறது. அவன் தோல் கம்பெனியில் வேலை பார்த்தான். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய மாட்டுத்தோலைத் தூக்கிப் போட்டு மயிர் சுரண்டவேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அப்போது அந்த வேலைதான். நாற்றம் தாங்க முடியாமல் குடிக்கிறேன் என்று முதலில் சொன்னான். பிறகு கைவலிக்கு என்றான். பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டான்.

பம்பாயில் அது மதுவிலக்குக் காலம். அறுபத்திரண்டாம் வருஷம். மதுவிலக்கு என்றால் என்ன? டாக்டரிடம் எழுதி வாங்கி, உடம்புக்காக என்று பெர்மிட் எடுத்த பெரிய மனிதர்கள் சீமைச்சரக்கைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி உட்கார்ந்து குடித்தார்கள். மாகிம் ஓடைக்கரைச் சேற்றில் நவச்சாரமும் அழுகின வெல்லமும் போட்டுக் காய்ச்சியது சைக்கிள் டியூபில் அடைபட்டுத் தாராவிக்குள் வந்தது. அதைக் குடித்தவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. காய்ச்சினவன் மட்டும் ஒருநாளும் அகப்படவில்லை. இந்தச் சட்டத்தை எவனுக்காகப் போட்டான் என்று பேராச்சி சந்து அதிரக் கேட்பாள். பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் அந்தச் சந்துக்குள் கால் வைத்ததில்லை.

சர்க்கார்தான் அப்படி என்றால் சங்கம் அதற்கு மேல். தாராவியில் திருநெல்வேலியின் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சங்கம் இருந்தது. கல்யாணம், சாவு, கோயில் கொடைவிழாவுக்கு வரி, அடிதடி, எல்லாவற்றுக்கும் அங்கேதான் போய் நிற்கவேண்டும். குடிக்கிறவனுக்குச் சங்கத்தில் ஒரே வைத்தியம்தான். சுடலைமாடன் படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் சூடம் கொளுத்துவார்கள். குடிக்கிறவன் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, ஆயுசுக்கும் இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணவேண்டும். பக்கத்தில் மரியாதைப்பட்ட ஆள் ஒருவர் ஜாமீன் நிற்பார். சத்தியத்தை மீறினால் மாடன் பார்த்துக்கொள்வான்.

வெயிலுமுத்து மூன்று தடவை சூடம் அணைத்தவன். முதல் சத்தியம் ஆடி மாதம் வரைக்கும் தாங்கியது. இரண்டாவது தீபாவளியோடு போயிற்று. மூன்றாவது, சங்கத்தை விட்டு வெளியே வந்து வீடு போய்ச் சேருவதற்குள் போய்விட்டது. சங்கத் தலைவர் காசிராஜன் மளிகைக்கடை வைத்திருந்தவர், வெள்ளைச் சட்டைக்காரர். மாடனுக்கே பயப்படாத பயலை நான் என்ன செய்யமுடியும் என்று கையைக் கழுவிவிட்டார். வெயிலுமுத்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பேராச்சிக்கு அவனை அங்கேயே நாலு சாத்துச் சாத்தலாம் போல இருந்தது.

அந்த வருஷம் மழை விட்ட சமயத்தில் அவனுக்குக் கண் மஞ்சளடித்தது. வயிறு வீங்கியது. சயான் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டாள். ஈரல் கெட்டுவிட்டது, இனியும் குடித்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். குடிக்காமல் இருக்க அவன் என்ன செய்யவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பேராச்சி பின்னாலேயே போய்க் கேட்டாள். குடிக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார். இதைச் சொல்லத்தான் இவ்வளவு படித்தாரா என்று அவள் வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மர்யம் வந்தாள். கேரளத்து நர்ஸ், தமிழ் கொஞ்சம் பேசுவாள். பேராச்சியை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய் மெல்லச் சொன்னாள். செம்பூரில் ஒரு சர்ச்சை ஒட்டின பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் நடக்கிறது. குடித்து அழிந்தவர்களே கூடி உட்கார்ந்து பேசுகிறார்கள். டாக்டர் கிடையாது, மருந்து கிடையாது, காசும் கேட்பதில்லை. அவளுடைய அண்ணன் அங்கே போய்த்தான் மனுஷனானான். எந்தச் சர்ச், எந்தத் தெரு என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. அண்ணன் இப்போது கப்பல் வேலைக்குப் போய்விட்டான்.

பேசினால் குடி நிற்குமா என்று பேராச்சி கேட்டாள். பேசாமல் இருந்து நின்றுவிட்டதா என்று மர்யம் திருப்பிக் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகச் செம்பூருக்கு ரயிலேறினாள். முதலில் இடத்தைப் பார்த்துவிட வேண்டும், அப்புறம் ஆளை இழுத்துவரலாம் என்று கணக்கு. ஸ்டேஷனுக்கு வெளியே பான்கடைக்காரனிடம் தனக்குத் தெரிந்த ஹிந்தியில், தாரு குடிப்பதை விடுகிறவர்களின் மீட்டிங் எங்கே நடக்கிறது என்று கேட்டாள். அவன் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்திவிட்டு அவளைப் பாவமாகப் பார்த்தான். குடியை விடுவதற்கு யாராவது கூட்டம் போடுவார்களா? புருஷனைத் தேடி வந்த பொம்பளை என்று அவனே முடிவுகட்டிக்கொண்டு, இரண்டாவது சந்தில் தகரக் கொட்டகை, அங்கேதான் எல்லாரும் இருப்பார்கள் என்று கை காட்டினான்.

போனாள். தகரக் கொட்டகைக்குள் நிஜமாகவே கூட்டம் இருந்தது. பெஞ்சுகளில் ஆண்கள், கையில் கிளாஸ். உள்ளே இருந்தவள் எவ்வளவு வேண்டும் என்று இவளிடமே கேட்டாள். அவ்வளவுதான். பேராச்சி தமிழிலும் ஹிந்தியிலும் கலந்து ஏசிக் கொடுத்த கொடையில் பாதிப் பேர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அடக்கிவைத்திருந்ததை எல்லாம் அங்கே கொட்டியும் அவளுக்கு ஆறவில்லை. ஒரு நகரத்தில் குடிக்கிற இடத்தைக் குருடன்கூடக் கண்டுபிடிக்கலாம், குடியை விடுகிற இடத்தை மட்டும் ஒளித்துவைத்திருக்கிறார்களே என்று ஆத்திரம் பொங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

ஒரு சர்ச்சுக்குப் போனாள். அது இல்லை. இன்னொரு சர்ச்சுக்குப் போனாள். காவல்காரன், குடிகாரர்களை உள்ளே விடுவதில்லை என்று பெருமையாகச் சொன்னான். அலுத்துப்போய் அந்தச் சர்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் பஸ்ஸிலிருந்து சங்கரன் இறங்குவதைப் பார்த்தாள்.

சங்கரன் மாட்டுங்காவில் குடியிருப்பவர், பெரிய கம்பெனி ஆபீஸில் உத்தியோகம் பார்ப்பவர். பேராச்சி தினமும் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கிற வீடு அவருடையதுதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனிதர் சீட்டாடப் போய்விடுகிறார் என்று அந்த வீட்டம்மா அவளிடம் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறாள். படித்த மனிதர், கேட்டால் இடம் சொல்வார் என்று பேராச்சி எழுந்தாள். அவரோ முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, சர்ச்சின் பக்கவாட்டு இரும்புக்கதவு வழியாக விறுவிறு என்று உள்ளே போனார். இவள் பின்னாலேயே போனாள். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தின் கடைசி அறையில் விளக்கு எரிந்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரிய ஆண்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் ஒரு டீக் கெட்டில் இருந்தது. சீட்டுக்கட்டு இல்லை. கிளாஸ் இல்லை. நெற்றி வழுக்கையான ஒருவர் எழுந்து வந்து என்ன வேண்டும் என்று ஹிந்தியில் கேட்டார். அவர் பெயர் டிமெல்லோ, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர், அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. பேராச்சி புருஷன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். ஹிந்தி பாதியில் தீர்ந்துபோனது. அதனால் என்ன, இங்கே நம் ஆள் இருக்கிறாரே என்று சங்கரனைக் கை காட்டி, சார்கிட்டே தமிழில் சொல்கிறேன், அவர் உங்களுக்குச் சொல்லட்டும் என்றாள்.

சங்கரன் தரையைப் பார்த்தார். டிமெல்லோவிடம் இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்துவிட்டு இல்லை என்று தலையை ஆட்டினார். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் எந்தப் பாஷைக்காரிக்கும் தெரியும். இந்தப் பொம்பளை யார் என்று எனக்குத் தெரியாது, இவள் பேசுவது எனக்குப் புரியாது.

அன்று காலைதான் அவருடைய வேட்டியை அவள் கும்மித் துவைத்திருந்தாள். டிமெல்லோ மட்டும், அடுத்த ஞாயிறு அவனைக் கூட்டிக்கொண்டு வா, வந்து உட்கார்ந்தால் போதும் என்று ஹிந்தியில் நிதானமாகச் சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை மாட்டுங்கா வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. வெண்கலப் பானையை அவள் தரையில் வைத்த வைப்பில் வீட்டம்மா பூஜையிலிருந்து எழுந்து வந்து, என்னடி இன்னைக்கு இப்படிப் போட்டு உடைக்கிறாய் என்றாள். கூடவே வழக்கம்போல, நேற்றும் சீட்டாட்டத்துக்குப் போய்விட்டு இருட்டின பிறகு வந்தார் என்று குறைப்பட்டுக்கொண்டாள். சங்கரன் ஹாலில் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்து வைத்திருந்தார். பேப்பர் அசையவில்லை. ஒரு வார்த்தை போதும். அது பேராச்சியின் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. சூதாடி என்று பெயர் எடுத்தாலும் எடுப்பேன், குடியை விடப் பாடுபடுகிறேன் என்று சொல்லமாட்டேன் என்றால் இது என்ன கௌரவமோ!

அவள் சொல்லவில்லை. இரக்கப்பட்டு ஒன்றும் இல்லை. அந்த அறையில் தமிழ் தெரிந்த வாய் அது ஒன்றுதான், அதைப் பகைத்துக்கொண்டால் தன் புருஷனுக்கு வழியில்லை என்று கணக்குப் போட்டாள். வீட்டம்மா அடுப்படிக்குப் போனதும் சங்கரன் பின்கட்டுக்கு வந்தார். யாரிடமும் சொல்லிவிடாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். உன் புருஷன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. வரச் சொல், நான் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. பேராச்சி அந்தப் பானையைப் புளி போட்டு எலும்பு தெரிகிற மாதிரி தேய்த்தாள்.

ஞாயிறு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த வெயிலுமுத்துவைச் சட்டை மாட்டி இழுத்துப் போனாள். இரண்டு பேரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள், எல்லாம் இங்கிலீஷ். ஒருவர் பேசிக்கொண்டே அழுதார். ஒருவர் ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று வெயிலுமுத்து கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டான். சுண்ணாம்பில் வெந்த கால்கள். சங்கரனும் எழுந்தார். ரொம்ப நேரம் பேசினார். குரல் நடுங்கியது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பேசி முடிக்கிற வரைக்கும் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பி வரும்போது, வெள்ளைக்காரன் பாஷை பேசுகிற இடத்தில் என்னை எதற்குக் கொண்டுபோய் உட்காரவைத்தாய் என்று வெயிலுமுத்து கேட்டான். மறுநாள் குடித்தான். அந்த ராத்திரி முழுக்க வாந்தி. வாந்தியில் ரத்தம் கண்டது.

பேராச்சி அந்த வாரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். அந்தக் கூட்டத்தில் எல்லாம் சரிதான், ஒன்றுதான் குறை. அங்கே யாரும் சத்தியம் வாங்கவில்லை. பேசுகிறார்கள், டீ குடிக்கிறார்கள், கலைந்து போகிறார்கள். சத்தியம் இல்லாமல் ஒருவன் எதற்குக் கட்டுப்படுவான்? சங்கத்தில் சத்தியம் இருந்தது, ஆனால் ஜாமீன் நின்றவர்கள் எல்லாம் இவனைப் போலத் தாராவி ஆட்கள், அதனால் மாடன் அதை மதிக்கவில்லை. மாட்டுங்கா ஆபீஸர் ஜாமீன் நின்றால் மாடனுக்கும் ஒரு மரியாதை இருக்குமே. தமிழுக்கு மட்டும் ஊமையாட்டம் உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷனையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்த மாதிரி ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பைக்குள் பித்தளைத் தாம்பாளத்தையும் ஒரு பொட்டலம் சூடத்தையும் வைத்துக்கொண்டாள். வெயிலுமுத்துவிடம் சொல்லவில்லை. அவனுக்கு நடக்கத் தெம்பில்லை. வரமாட்டேன் என்றவனை, இன்றோடு கடைசி, இனிக் கூப்பிடமாட்டேன் என்று சொல்லித்தான் அழைத்துப்போனாள்.

டிமெல்லோ கூட்டத்தைத் தொடங்கப்போகிற சமயத்தில் பேராச்சி எழுந்து நேரே மேஜைக்குப் போனாள். கெட்டிலை நகர்த்திவிட்டுத் தாம்பாளத்தை வைத்தாள். சூடத்தைக் குவித்துத் தீக்குச்சியைக் கிழித்தாள். குப்பென்று பிடித்துக்கொண்டது. ஏதோ பூஜை என்று நினைத்து ஒரு பார்சிக்காரர் மரியாதையாக எழுந்து நின்றார். அவரைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள்.

"வந்து சூடத்த அணைங்க. ஆயுசுக்கும் தொடமாட்டேன்னு சொல்லுங்க" என்றாள் புருஷனைப் பார்த்து. பிறகு சங்கரனைக் கை காட்டினாள். "இந்த சாருதான் ஜாமீன்."

வெயிலுமுத்து வந்தான். வராமல் என்ன செய்வான்? மூன்று தடவை பழகின கால்கள் தானாகவே வந்தன. அவன் முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. சுடருக்கு மேலே உள்ளங்கையைத் தூக்கினான். நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கழுத்தில் கத்தி விழக் காத்திருக்கிற ஆடு மாதிரி நின்றான்.

சங்கரன் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்ப்பா. சத்தியம் பண்ணாதே" என்றார். தமிழில்.

சங்கரன் பிடித்த கையை விடவில்லை.

"நான் பண்ணியிருக்கேன். என் பொண்ணு தலையில அடிச்சு சத்தியம் பண்ணினேன். அன்னிக்கு சாயங்காலமே குடிச்சேன். அப்புறம் அவளுக்குக் காய்ச்சல் வந்தா நான்தான் காரணம்னு தோணும். இருமினா தோணும். அதை மறக்கறதுக்காகவே ஒரு வருஷம் குடிச்சேன். இங்க யாரும் ஆயுசுக்கும்னு கேக்கமாட்டா. இன்னிக்கு ஒரு நாள் குடிக்காம இரு, போதும். நாளைக்கு எழுந்தா நாளைக்குப் பார்த்துக்கலாம்."

வெயிலுமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு உதடு கோணியது.

"மாடனுக்குப் பயந்துதான் சார் குடிச்சேன்" என்றான். "சூடம் அணைச்ச கையப் பாத்தாலே பயமாருக்கும். எப்ப அடிப்பானோ, எங்க வச்சு அடிப்பானோன்னு இருக்கும். குடிச்சாத்தான் அந்தப் பயம் போவும். மூணாவது சத்தியத்துக்கு வெளிய வந்ததும் கால் நடுங்கிப் போச்சு சார். அதான் அன்னைக்கே குடிச்சிட்டேன். மானங்கெட்டவன்னு சொன்னாவ. இல்ல சார். பயம்."

சூடத்தை யாரும் அணைக்கவில்லை. அதுவாக எரிந்து தீர்ந்தது.

பேராச்சி அப்படியே நின்றாள். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்திருந்தும் இது அவளுக்குத் தெரியாது. திமிர் என்று நினைத்திருந்தாள், நன்றியில்லாதவன் என்று நினைத்திருந்தாள். சங்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றவனைச் சுற்றி அத்தனை பெரிய மனுஷர்கள் உட்கார்ந்திருந்தார்களே, ஏன்டா நடுங்குகிறாய் என்று ஒருவர் கேட்டாரா? அவளும்தான் கேட்கவில்லை. அதை நினைத்தபோது காசிராஜன் மேல் வந்த கோபத்தில் பாதி திரும்பித் தன் மேலேயே வந்து விழுந்தது.

அன்று கூட்டம் வெகுநேரம் நடந்தது. ஒவ்வொருவர் பேசியதையும் சங்கரன் வெயிலுமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னார். டிமெல்லோ குடித்துவிட்டு, ஸ்டேஷனில் நின்ற ரயிலுக்குக் கொடியை ஆட்ட மறந்து தூங்கிப்போன கதையைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் பொறுத்து வெயிலுமுத்துவும் சிரித்தான். அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தவர் சங்கரன்தான்.

கலைந்து வெளியே வந்ததும் பேராச்சி இரும்புக்கதவுப் பக்கத்தில் சங்கரனை மறித்துக்கொண்டாள். வெயிலுமுத்து முன்னால் நடந்துகொண்டிருந்தான்.

"போன வாரம் இதச் சொல்லியிருந்தா அந்த மனுஷன் ரத்தமா வாந்தி எடுத்திருக்கமாட்டாரு. ஏன் சார் பேசல?"

சங்கரன் குடையின் கைப்பிடியைத் திருகினார். வெட்கம் என்றார். தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்றுதான் மாட்டுங்காவை விட்டு இவ்வளவு தூரம் வருகிறேன் என்றார்.

"அவரு செத்திருந்தா ஒங்க வெட்கத்த வச்சா கொள்ளி போட முடியும்?"

அவர் மெதுவாக, வீட்டில் தெரியவேண்டாம் என்று ஆரம்பித்தார். பேராச்சி முடிக்கவிடவில்லை.

"நான் ஒங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கேன். கோள் சொல்லிப் பிழைக்கல. ஆனா அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க வந்து அவரு பக்கத்துல உக்காரலன்னா, நான் ஒங்க ஹால்ல நடுவுல வந்து நின்னு, கூட்டத்துக்கு நேரமாச்சு சார், வாங்கன்னு கூப்பிடுவேன்."

வருகிறேன் என்றார் சங்கரன். சத்தியமாக வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். ரயிலுக்கு நின்றபோது பேராச்சிக்கு மறுபடி ஏறியது. எல்லாம் ஆறி அமர யோசித்துப் பார்த்தால், இத்தனை அலைச்சலுக்கும் கையில் கிடைத்தது என்ன? இன்று ஒரு நாள். ஒரே ஒரு நாள். ஆயுசுக்கும் என்று சொல்லாதவனை எதை நம்பி வைத்துக்கொள்வது? நாளைக்குக் குடித்தால் சத்தியத்தை மீறினாய் என்றுகூட ஏச முடியாதே. இன்னைக்கு மட்டும்னா நாளைக்கு என்ன செய்யப்போறீக, நாளன்னைக்கு என்ன செய்யப்போறீக, இதுக்கா நான் தெருத்தெருவா அலைஞ்சேன் என்று பிளாட்பாரத்தில் வைத்தே பிடித்துக்கொண்டாள். நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரயில் வந்தது. ஏறின பிறகும் அவள் விடவில்லை.

குர்லாவில் ரயில் மாறுவதற்காக இறங்கினார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம், தண்டவாளத்தை ஒட்டின குடிசைகளில் ஒன்றிலிருந்து சாராய வாடை வந்தது. வெயிலுமுத்து நின்றுவிட்டான். பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிடித்த கை உதறியது.

"ஏளா" என்றான். "எனக்கு இப்ப எறங்கி ஓடிரலாம் போலுக்கு. நீ ஏசுறதுல தப்பில்ல. எல்லாம் நியாயந்தான். ஆனா வீடு போற வரைக்கும் ஏசாம இரு. அதுவரைக்கும் நானும் பிடிச்சிக்கிடுதேன்."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அவன் குடியில் ஒரு நியாயமும் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க இவனுக்கு என்ன துணிச்சல் என்று அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. வாயைத் திறந்தாள். கம்பியில் ஆடிக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

சயான் ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒருவன் அவள் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக்கூடக் கேட்காமல் நகர்ந்தான். அவள் பல்லைக் கடித்தாள். காசிராஜனுக்குச் சொல்லவேண்டியது, சங்கரனுக்கு இன்னும் சொல்லவேண்டியது, எதிரே நிற்கிற இவனுக்குச் சொல்லவேண்டியது எல்லாம் தொண்டைக்கு வந்து முட்டி நின்றது. விழுங்கினாள். மறுபடி வந்தது. ஒரே ஒரு வார்த்தை, ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது. சொன்னால் நெஞ்சு லேசாகிவிடும். ஒன்றோடு நிற்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்து, மார்பு அடைத்து, கண் எரிந்தது. இரண்டு ஸ்டேஷன்கூட இல்லாத தூரம், முடியவே மாட்டேன் என்றது.

வெயிலுமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கஷ்டமா இருக்கோ?" என்று கேட்டான்.

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கு நிச்சயமில்லை.

"எனக்கும் இப்படித்தான் இருக்கு" என்றான் வெயிலுமுத்து. "தெனமும்."